வாசகர் வினா–விடை: காருக்குள் புகும் வீதி இரைச்சல்

கேள்வி: ஐயா, வணக்கம். யப்பானில் பாவித்த சிறிய ஹைபிரிட் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். ஊருக்குள் ஓடும்போது அமைதியாகத்தான் இருக்கிறது. மாதமொருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வவுனியாவிலுள்ள தங்கை வீட்டுக்கு ஏ9 வீதியால் போகும்போது மட்டும், வேகம் கூடக் கூட உள்ளே ஒரே ஊமை இரைச்சலாக இருக்கிறது. அம்மாவுக்கு 78 வயது, காதுக்கருவி அணிபவர். பின் இருக்கையில் இருக்கும் அவருக்கு நாங்கள் கதைப்பது ஒன்றும் விளங்குவதில்லை. அதனால் வழிநெடுகப் பேசாமலே இருந்துவிடுகிறார். கார் முழுவதும் ஒலித்தடுப்புத் தாள் ஒட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். ஒட்டலாமா?
– வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: ஒட்டலாம், ஆனால் அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. முதலில் அம்மாவின் சிரமத்தைப் பார்ப்போம். தாழ்ந்த சுருதியில் எழும் இரைச்சல் தன்னைவிட உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகளையும் மூடி மறைத்துவிடும் இயல்புடையது; பேச்சைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஒலிகளோ பெரும்பாலும் உயர்ந்த சுருதியிலேயே இருக்கின்றன. முதுமையில் முதலில் குறைவதும் அந்த உயர் சுருதியைக் கேட்கும் ஆற்றல்தான். காதுக்கருவி பேச்சைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவதால், உங்களுக்குச் சாதாரணமாகப் படும் ஒலி அவருக்குப் பெருந்தொல்லையாக இருக்கக்கூடும். ஆகவே ஒரு ரூபாயும் செலவில்லாத மாற்றம் ஒன்றை அடுத்த பயணத்திலேயே செய்யுங்கள்: அம்மாவை முன் இருக்கையில் அமர்த்துங்கள். பின் இருக்கை பின்சில்லுகளின் வளைவுகளுக்கு மிக அருகில் இருப்பதால் சிறிய கார்களில் அங்கேதான் வீதி இரைச்சல் அதிகம். முன்னே இருந்தால், பின்னாலிருந்து கதைக்கும் பிள்ளைகள் அவர் பக்கம் முன்சாய்ந்து பேசலாம். சாரதியின் குரலும் அவருடைய வலது காதுக்கு நேராகப் போய்ச் சேரும்.

இனி இரைச்சலின் மூலத்தைத் தேடுவோம். ஹைபிரிட் காரில் இயந்திரம் அடிக்கடி நின்றுவிடுவதால், மற்ற வாகனங்களில் இயந்திர ஓசைக்குள் மறைந்திருக்கும் ரயரின் ஒலி இங்கே வெளிப்படையாகக் கேட்கும். அதனால் கார் பழுதடைந்துவிட்டது என்று பொருளில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓடிக்கொண்டு, வீதியின் மேற்பரப்பு மாறும் இடத்தைக் கவனியுங்கள். காபெற் இட்ட பகுதியிலிருந்து, தார் ஊற்றிக் கல் தூவிய சொரசொரப்பான பகுதிக்குள் நுழையும்போது ஒலியும் உடனே மாறினால், மூலம் ரயர்தான். எந்த வீதியிலும் ஒரே ஒலியாக இருந்து, மெல்லிய வளைவில் திரும்பும்போது மட்டும் கூடிக் குறைந்தால், சில்லின் பெயரிங் தேய்ந்திருக்கிறதா என்று கராஜில் பார்க்க வேண்டும். அது வெறும் ஒலிப் பிரச்சினை அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை. அதைத் தள்ளிப்போட வேண்டாம். வீதி எப்படியிருந்தாலும் எதிர்க்காற்று வீசும் நாளில் மட்டும் சீறல் கூடினால், கதவின் பீடிங்கை, அதாவது ஓரத்து இறப்பர் பட்டியைச் சந்தேகியுங்கள். ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள்; எதிர்ப்பில்லாமல் வழுக்கி வருகின்ற இடத்தில் இறப்பர் சப்பையாகிவிட்டது என்று கொள்ளலாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ரயரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அதன் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ (ரயரின் மேலுள்ள வெட்டுக் கோலம்) நிறைய இருக்கிறதே என்று பழைய ரயரை வைத்திருப்போர் நம்மிடையே பலர். ஆனால் இறப்பர் ஆண்டு போகப் போக இறுகும்; நம் வெயில் அதை இன்னும் விரைவுபடுத்தும்; இறுகிய இறப்பர் கல்லின் மேல் படியாமல் அறைந்து அறைந்து ஓடுவதால் இரைச்சல் கூடுகிறது, ஈரத்தில் பிடிமானமும் குறைகிறது. அடுத்து, உள்ளங்கையை ரயரின் மேல் ஓடும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் வாளின் பல்லைப் போலவும் தட்டுப்பட்டால், பூக்கள் சரிவாகத் தேய்ந்துள்ளன. பெயரிங் போன வண்டியைப் போல அது முனகும். அப்படியானால் சில்லுகளின் நேர்படுத்தலைச் சரிபார்க்காமல் புது ரயர் பூட்டுவதில் பயனில்லை, சில மாதங்களில் அதுவும் அவ்வாறே தேயும். காற்றின் அளவையும் ரயர் கடைக்காரரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடாமல், சாரதியின் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளபடி, ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். மிகையாக அடித்த ரயர் ஒவ்வொரு கல்லையும் உள்ளே சொல்லும்.

ஒட்டும் வேலைக்கு வருகிறேன். ஓர் ஒலி உள்ளே வர இரண்டு வழிகள் உள்ளன. ரயரின் அதிர்வு சில்லு, புஷ் (இணைப்புகளிலுள்ள இறப்பர்), ஷொக் அப்சோர்பர் வழியாக உடற்தகட்டுக்கு ஏறி, தகடே மத்தளம் போல் முழங்குவது ஒன்று. ரயருக்கும் வீதிக்கும் இடையில் எழும் ஒலி காற்றின் வழியே சில்லு வளைவையும் தளத்தையும் கடந்து வருவது மற்றொன்று. சுருதியை அளக்கும் அலகான ஹேர்ட்ஸில் சொன்னால், ஏறக்குறைய 500 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள ஊமை இரைச்சலில் முதலாவது வழியும், 1000 ஹேர்ட்ஸை ஒட்டிய இரைச்சலில் இரண்டாவது வழியும் மேலோங்கும். இவ்விரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல என்பதைத்தான் பல கடைகளில் சொல்வதில்லை.

அலுமினியத் தாள் பதித்த பியூட்டைல் இறப்பர் தாள் முதலாவதற்கு உரியது. தகடு அதிரும்போது இறப்பர் இழுபட்டு, அதிர்வின் சக்தி வெப்பமாகிக் கரைகிறது. தகட்டை விரல் மொட்டால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று ஒலிக்கும் இடத்தின் நடுவில் ஒட்டினால் 'டப்' என்று அடங்கிவிடும். இதற்காகத் தகட்டின் முழுப் பரப்பையும் மூடத் தேவையில்லை. நாலில் ஒரு பங்கு முதல் அரைப்பங்கு வரை மூடினாலே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடும். காற்றுவழி ஒலிக்கோ பாரமான வினைல் விரிப்பு வேண்டும். அதில் சதுர மீற்றருக்குச் சுமார் 5 கிலோ நிறை சேரும். இது இடைவெளியில்லாமல் மூடினால்தான் வேலை செய்யும். பரப்பில் நூற்றுக்கு ஒன்று அளவுக்குத் திறந்த இடம் இருந்தாலே, எவ்வளவு தடித்த விரிப்பாக இருந்தாலும் 20 டெசிபெலுக்கு (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) மேல் தடுக்க முடியாது. எனவே கார் முழுவதும் ஏனோதானோவென்று ஒட்டுவதைவிட, பின்சில்லு வளைவுகள், டிக்கியின் தளம், மேலதிகச் சில்லு வைக்கும் குழி ஆகியவற்றை முதலில் செவ்வையாக முடித்து, ஓட்டிப் பார்த்தபின் கதவுகளைப் பற்றி யோசியுங்கள். வீதி இரைச்சலுக்காகக் கூரையில் கைவைக்க வேண்டியதில்லை.

வேலை செய்பவரிடம் சில நிபந்தனைகளைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பின் இருக்கையை ஒட்டியுள்ள ஹைபிரிட் பற்றரியின் காற்றுத் துவாரம் எக்காரணத்துக்காகவும் மூடப்படக்கூடாது; செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை, அவற்றைத் தொடவே கூடாது. கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகள் அடைபட்டால், மாரி மழை உள்ளே தேங்கித் தகடு துருப்பிடிக்கும்; கடற்காற்று வீசும் நம் குடாநாட்டில் அந்தத் துரு மிக விரைவாகப் பரவும். அதே காரணத்தால், நீரை உறிஞ்சும் பஞ்சு நுரையைத் தளத்தில் இட அனுமதிக்காதீர்கள்.

எவ்வளவு குறையும் என்பதிலும் தெளிவு வேண்டும். 3 டெசிபெல் குறைவது ஒலியின் சக்தி பாதியாவதுதான் என்றாலும் காதுக்கு அது சிறு மாற்றமே. பாதியாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல் குறைய வேண்டும், அதை ஒட்டுத்தாளால் மட்டும் பெறுவது அரிது. வேகத்தை 80இலிருந்து 60க்குக் குறைத்தால் ரயர் ஒலி ஏறக்குறைய 4 டெசிபெல் இறங்கும். அம்மாவுடன் கதைக்க விரும்பும் பகுதியில் சற்று மெதுவாகச் செல்லுங்கள். எப்படியும் அந்த வீதியில் கார்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர்தான்.

கேள்வி: கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்த் தாள் மலிவாகக் கிடைக்கிறது. பழைய காரின் கதவுக்குள் அதை ஒட்டலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: வேண்டாம், அம்மா. வெயிலில் நிறுத்திய காரின் கதவுத்தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் தார் இளகிக் கீழே வழியும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியில் அது சிக்கிக்கொண்டால், மிச்சம் பிடித்த பணத்தைவிடச் செலவு கூடிவிடும். கார் தார் வாடையும் வீசும், அந்த வாடை எளிதில் போகாது. பணம் குறைவென்றால், பியூட்டைல் தாளையே வாங்கி, ஒவ்வொரு கதவின் வெளித்தகட்டு நடுவிலும் ஒரு துண்டு மட்டும் ஒட்டுங்கள்.

கேள்வி: புது ரயரின் சீட்டில் 68, 71 என்று டெசிபெல் எண் போட்டிருக்கிறது. குறைந்த எண்ணுள்ளதை வாங்கினால் காருக்குள்ளும் சத்தம் குறையுமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: உறுதியாகச் சொல்ல முடியாது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் அடையாளச் சீட்டு. 2012இல் தொடங்கி, 2021 மே மாதம் முதல் புதிய வடிவில் வருகிறது. அந்த எண், இயந்திரம் நிறுத்தப்பட்ட நிலையில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் உருண்டு செல்லும் வாகனத்தின் ஒலியை, அது செல்லும் பாதையின் நடுவிலிருந்து 7.5 மீற்றர் தொலைவில் வெளியே வைத்து அளந்தது. வீதியோரம் குடியிருப்பவர்களுக்கு அது மிக நல்ல தகவல். புஷ்களின் வழியே உங்கள் காருக்குள் ஏறும் ஊமை இரைச்சலை அது காட்டாது. உங்கள் காரைப் போன்ற காரில் அதே ரயரைப் பூட்டியவர் ஊரில் இருந்தால், அவருடைய பின் இருக்கையில் ஏறி நெல்லியடி வரை ஒருமுறை போய்வந்து, அதன்பிறகு பணத்தைக் கொடுங்கள்.