கணக்கை விட்டுவிட்டு மூளையைப் படிக்க முடியாது

பாலக்கோட்டிலிருந்து வந்து போன அம்மாவுக்கு,

"மூளை செல்லெல்லாம் ஒண்ணா துடிக்குதாம், அதைப் படிக்கப் போறாளாம். அதுக்கு யாரு சார் வேலை குடுப்பா?" என்று கேட்டீர்கள். மகள் பக்கத்திலேயே இருந்ததால் அன்று முழுதாகப் பேசவில்லை.

முதலில் நரம்பறிவியல் என்ற அந்தப் படிப்பு என்னவென்று சொல்கிறேன். குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேருக்கு வடம் பிடித்திருப்பதாகச் சொன்னீர்களே, அதையே வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரு குரலுக்குச் சேர்ந்து இழுத்தால் நகரும். நரம்பு செல்லும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான செல்களிடமிருந்து அதற்குச் சமிக்ஞை வருகிறது. சில மில்லி செகண்டுக்குள் சேர்ந்து வந்தால் அது துடிக்கும், அதாவது தானும் ஒரு மின் சமிக்ஞையை அனுப்பும். சிதறி வந்தால் பெரும்பாலும் கரைந்துபோகும். இன்னொன்று, முட்டுக்கட்டை எடுத்த நேரம் பார்த்து இழுத்தால்தானே சக்கரம் உருளும்? சமிக்ஞை வாங்கும் செல்கூட்டமும் ஒரு தாளத்தில் திறந்து மூடுகிறது, திறந்த நேரத்தில் வந்து சேர்வதுதான் உள்ளே போகிறது என்று பாஸ்கல் ஃப்ரீஸ் என்ற மூளை ஆராய்ச்சியாளர் 2005-ல் ஒரு கருத்தை வைத்தார். 1989-ல் ஜெர்மனியில் வுல்ஃப் சிங்கரின் ஆராய்ச்சிக் குழு பூனையின் மூளையில் பார்த்தபோது, தள்ளித் தள்ளி இருந்த செல்கள் ஒரே கோடு கண்ணில் படுகையில் நொடிக்குச் சுமார் 40 முறை என்ற தாளத்தில் ஒத்துத் துடித்தன. அந்த ஒத்திசைவுதான் தகவலைக் கோக்கிறதா, இல்லை வேலை நடக்கும்போது கூடவே எழும் சத்தமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயாதவரை உங்கள் மகளுக்கு அங்கே வேலை இருக்கிறது.

ஒத்துத் துடிப்பது அளவு மீறினால் வலிப்பு. நம் தருமபுரி மாவட்டத்திலிருந்து ஓசூர் வழியாக பெங்களூரு நிம்ஹான்ஸ் மூளை நரம்பு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் தலையில் ஒட்டிக்கொள்ளும் இ.இ.ஜி. ஒயர்கள் பதிவு செய்வது இந்தத் தாளத்தைத்தான். மனிதர் தலையில் அதை முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர், 1924-ல். அந்த மெஷினை இயக்க டெக்னீஷியன் படிப்பு இருக்கிறது. சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் அது நல்ல வழி. (மூளை அலையைத் தட்டி எழுப்பி மார்க் வாங்க வைக்கிறோம் என்று ஊர் ஊராக வகுப்பு நடத்துகிறார்களே, அதற்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.)

ஆராய்ச்சிதான் என்றால் பாதை நீளம். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு எழுதி ஐந்து வருடம், பிறகு பிஎச்.டி. இன்னும் ஐந்து வருடம். ஆனால் அந்தப் பிஎச்.டி. காலம் சும்மா போவதில்லை; ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். ஐ.ஐ.டி. மெட்ராஸில் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்கு வருட பி.எஸ்.ஸுக்கும் இதே ஐசர் தேர்வுதான். மருத்துவராகித்தான் மூளையைத் தொட வேண்டும் என்று உங்கள் அண்ணன் சொன்னது சரியில்லை.

நான் கவலைப்படுவது வேலையைப் பற்றி அல்ல, குரூப்பைப் பற்றி. பத்தாம் வகுப்பில் கணக்கு குறைந்துவிட்டது என்று பிளஸ் ஒன்னில் கணக்கே இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பை எடுக்கப் பார்க்கிறாள். ஐசர் தேர்வின் 60 கேள்விகளில் 15 கணக்கு. அதைத் தாண்டினாலும், இந்தத் துறையே அலை, நேரம், வீச்சு என்று கணக்கில்தான் ஓடுகிறது. அதோடு கொஞ்சம் கம்ப்யூட்டர் புரோகிராமும் எழுத வேண்டும்.

நீங்கள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். கண்ணை மூடினால் மூளையில் நொடிக்கு ஏறக்குறைய 10 அலை வரும், வரைந்து காட்டு என்றேன். ஸ்கேல் வைத்து பத்து சென்டிமீட்டர் அளந்து, பத்து முகடு வரைந்தாள். ஒரு அலைக்கு எவ்வளவு நேரம் என்றதும், "புள்ளி ஒண்ணு செகண்ட்" என்று நிமிராமலே சொன்னாள். நொடிக்கு 40 என்றால்? கொஞ்சம் யோசித்து, "இருபத்தஞ்சு மில்லி செகண்ட்". கணக்கு வராத பிள்ளை இல்லை இது. அல்ஜீப்ராவில் எங்கேயோ தடுக்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் குரூப் கட்டத்தை இப்போதைக்கு நிரப்ப வேண்டாம். சனிக்கிழமை காலை அவளைப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு அனுப்புங்கள்.