பி.எஃப்.எம்மில் இல்லாத உயரம்

அன்பின் ஐயா,

எங்கள் ஊர்க் கோயில் மலர் ஒன்று 1990களின் கடைசியில் பேஜ்மேக்கரில் வடிவமைத்து அச்சானது. அதைச் சில புதிய கட்டுரைகளோடு மறுபதிப்பாகக் கொண்டுவர நினைக்கிறோம். பழைய சீடியில் கட்டுரைகளும் எழுத்துருவின் இரண்டு கோப்புகளும் கிடைத்தன. ஒன்று எழுத்தின் வடிவங்கள் உள்ள பி.எஃப்.பி., மற்றது எழுத்தின் அளவுகள் உள்ள பி.எஃப்.எம். தட்டெழுதியிருப்பது பாமினி முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பழைய முறையில். கம்பஸில் லாடெக் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருள் பழகியவன் என்பதால் அதிலேயே செய்யத் தொடங்கினேன். பி.எஃப்.எம்மை ஏ.எஃப்.எம். என்ற இன்னொரு அளவுக் கோப்பாக்கி, அதை லாடெக் படிக்கும் டி.எஃப்.எம். ஆக்கினேன். எழுத்து வருகிறது, இடைவெளியும் சரி. ஆனால் தலைப்பைப் பெட்டிக்குள் போட்டால் மேற்கோடு எழுத்தை வெட்டிக்கொண்டு போகிறது. ‘மூலம்’ என்ற சொல் வந்தால் அந்த வரியின் மிச்சம் காணாமல் போகிறது. சில சொற்கள் வரிக்கடைசியில் கண்டபடி முறிகின்றன. நண்பர்கள் யூனிகோடுக்கு மாறிவிடு என்கிறார்கள். மலரின் பழைய முகம் மாறக்கூடாது என்பது பெரியவர்களின் விருப்பம். என்ன செய்யலாம்? அச்சகத்துக்கு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா?

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகன்

*

அன்பின் தம்பி,

நீங்கள் சொன்னவற்றில் பெட்டிச் சிக்கல் ஒன்றுதான் எழுத்துரு மாற்றத்தால் வந்தது. மற்ற இரண்டும் பாமினிக்கும், லாடெக்கின் அடியில் ஓடும் டெக்குக்கும் ஒத்துவராததால் வந்தவை. முதலில் பெட்டி.

பி.எஃப்.எம். கோப்பு விண்டோஸின் பிரின்டர் டிரைவருக்காக உண்டானது. டிரைவருக்கு வேண்டியது கொஞ்சம்தான்: எந்த எழுத்து எவ்வளவு அகலம், எந்தச் சோடியை எவ்வளவு நெருக்க வேண்டும், எழுத்துருவின் பெயர் என்ன, ஒட்டுமொத்தமாக அதன் ஏற்ற இறக்கம் என்ன. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே எவ்வளவு உயரம் என்பது அதில் இல்லை. காணி உறுதியில் எத்தனை பரப்பு என்று இருக்கும், அதில் நிற்கிற பனையின் உயரம் இருக்காது. அதே கதைதான்.

டெக்குக்கு அந்த உயரம் கட்டாயம் வேண்டும். டொனால்ட் கனூத் 1970களின் கடைசியில் அதை எழுதத் தொடங்கியபோதே, எழுத்தின் வடிவத்தைப் பார்க்காத மென்பொருளாகத்தான் எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் அதற்கு வெறும் பெட்டி. அகலம், அடிக்கோட்டுக்கு மேலே உயரம், கீழே ஆழம், சாய்வெழுத்துக்கான திருத்தம் என்று நான்கு எண்கள். டி.எஃப்.எம். கோப்பில் இருப்பவை பெரும்பாலும் இவைதான். வடிவம் பி.எஃப்.பி.யில் இருக்கிறது, பக்கம் பி.டி.எஃப். ஆகிற கடைசிக் கட்டத்தில்தான் அது உள்ளே வருகிறது.

பி.எஃப்.எம்மிலிருந்து நேரே செய்த ஏ.எஃப்.எம்மை ஒரு எடிட்டரில் திறந்து பாருங்கள், அது வெறும் டெக்ஸ்ட் கோப்புத்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரி. எழுத்தெண், அகலம், பெயர் இருக்கும். அதன் பிறகு ‘பி’ என்ற ஆங்கில எழுத்தோடு நான்கு எண்கள் வரவேண்டும், எழுத்தைச் சுற்றிய சட்டத்தின் அளவு அது. உங்கள் கோப்பில் அது இருக்காது. அடுத்த கருவி உயரத்தைப் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டிருக்கும். சாதாரணப் பந்தியில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே வரிக்கு வரி தூரத்தை நீங்கள் கொடுத்த அளவே தீர்மானிக்கிறது. பெட்டி கட்டும்போது மட்டும், எழுத்துக்கு உயரமே இல்லை என்று நம்பி டெக் அடிக்கோட்டுக்குச் சற்று மேலே கோட்டை இழுத்துவிடுகிறது. நடுவே பெரிய எழுத்துத் தலைப்புகள் இருந்தால் அவையும் மேல்வரியில் போய் இடிக்கும், பாருங்கள்.

ஆகவே பி.எஃப்.எம்மிலிருந்து தொடங்காதீர்கள். உயரம் பி.எஃப்.பி.யின் வடிவக் கோடுகளுக்குள்ளேயே இருக்கிறது, அங்கிருந்து அளந்து எடுக்க வேண்டும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளோடு வரும் பிஎஃப்2ஏஎஃப்எம் என்ற கருவி அதைத்தான் செய்கிறது. பி.எஃப்.பி.யைத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் அளந்து, கூடவே பி.எஃப்.எம். கிடைத்தால் சோடி நெருக்கத்தை மட்டும் அதிலிருந்து எடுத்து, முழுமையான ஏ.எஃப்.எம். தரும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க அலுப்பாக இருந்தால் ஃபொன்ட்ஃபோர்ஜில் பி.எஃப்.பி.யைத் திறந்தும் ஏ.எஃப்.எம். எடுக்கலாம். பிறகு நீங்கள் ஏற்கெனவே செய்ததுபோல ஏஎஃப்எம்2டிஎஃப்எம். 

இந்த வழியில் இன்னொரு நன்மை உண்டு. பி.எஃப்.எம்மில் எழுத்துகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மாற்றும் கருவி விண்டோஸின் ஆங்கில வரிசையை வைத்துப் பெயரை ஊகிக்கும். தமிழ் எழுத்துருக்காரர்கள் மேல்பாதி எண்களில் தங்கள் இஷ்டப்படி எழுத்துகளை வைத்தவர்கள். அங்கே ஊகம் பிழைத்தால் ஒரு எழுத்தின் அகலம் இன்னொன்றில் போய் ஏறும். பி.எஃப்.பி.யில் பெயர்கள் அப்படியே இருப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

டி.எஃப்.எம். வந்ததும் டிஎஃப்டூபிஎல் என்ற கருவி கொண்டு அதைப் படிக்கிற மாதிரி விரித்து, மெய்யெழுத்தின் புள்ளியைத் தேடுங்கள். பாமினியில் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கிறது, பட்டியலில் ஓ 73 என்று எட்டடிமானத்தில் வரும். புள்ளிக்கு அகலம் பூச்சியமாக இருப்பது வழக்கம், அது முந்தின எழுத்தின் தலைக்குப் பின்வாங்கி விழுகிறது. ஆனால் டி.எஃப்.எம். அமைப்பில் அகல அட்டவணையின் பூச்சியமாவது இடத்தைச் சுட்டினால் ‘இந்த எழுத்தே இல்லை’ என்று பொருள். பூச்சிய அகலம் வேறு, பூச்சியமாவது இடம் வேறு. பட்டியலில் புள்ளி இருந்தால் பயமில்லை. உயரத்துக்குப் பூச்சியம் தவிர 15 அளவுகள்தான் அந்தக் கோப்பு தாங்கும், மிச்சத்தைக் கிட்டத்தட்ட ஒன்றாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, விடுங்கள்.

சரி, இனி காணாமல் போகும் வரிகள். உங்கள் கோப்பில் ‘மூலம்’ உண்மையில் எப்படி இருக்கிறது என்று நோட்பேடில் பாருங்கள். பாமினியில் ‘மூ’ என்பது சதவீதக் குறி. டெக்கில் சதவீதக் குறி வந்தால் அங்கிருந்து வரிமுடிவு வரை வெறும் குறிப்பு, அச்சுக்கு வேண்டாம் என்று பொருள். மூலமும் மூர்த்தியும் மூன்றாம் திருவிழாவும் வருகிற கோயில் மலரில் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! இது மட்டுமல்ல. ‘கூ’ டொலர் குறி, அது கணிதத்தைத் தொடக்கும் குறி. ‘கூட்டம்’ என்று வந்த இடத்திலிருந்து அடுத்த ‘கூ’ வரை டெக் சமன்பாடு எழுதுவதாக நினைத்துக்கொள்ளும். ‘சூ’, ‘ரூ’, ‘ஷ’ எல்லாம் இப்படித்தான் ஒவ்வொரு விசேஷக் குறியில் உட்கார்ந்திருக்கின்றன. டெக்குக்குள்ளேயே அந்தக் குறிகளின் குணத்தை மாற்றலாம், ஆனால் பிறகு லாடெக் கட்டளைகள் தகராறு பண்ணும். கட்டுரைக் கோப்புகளை ஒரு சிறு பைதன் நிரலுக்குள் விட்டு, இந்தக் குறிகளையெல்லாம் எழுத்தெண்ணால் அழைக்கும் கட்டளையாக மாற்றிவிடுவதே சுகம். ‘மூ’வுக்கு 37, ‘கூ’வுக்கு 36.

சொல் முறிவுக்கும் காரணம் இதே குடும்பம். கோப்பில் இருப்பவை டெக்கின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துகள். ஆகவே அது நம் சொற்களை ஆங்கிலச் சொல் முறிக்கும் விதிப்படி முறிக்கிறது. அந்த எழுத்துருவுக்கு மட்டும் இணைகோட்டு எழுத்தின் எண்ணை −1 ஆக்கினால் நின்றுவிடும். ஆனால் நின்ற பிறகு, தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரிகளில் ஓட்டை விழும். அதே பைதன் நிரலில் எழுத்துக்கு எழுத்து ‘இங்கே முறிக்கலாம்’ என்று இணைகோடில்லாத அனுமதி செருகுங்கள். புள்ளிக்கும் அரவுக்கும் (ா) விசிறிக்கும் (ி) முன்னால் கூடாது. கொம்புக்குப் பின்னாலும் கூடாது, பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படுவது. இன்னொன்றும் பாருங்கள். எந்த எண்ணில் எந்த எழுத்து என்று சொல்லும், லத்தீன் எழுத்துருக்களுக்கான என்கோடிங் கோப்பு எதையாவது கொடுத்து மாற்றியிருந்தால், அதில் எஃப்-உம் ஐ-யும் அடுத்தடுத்து வந்தால் ஒரே வடிவமாக்கு என்ற விதி இருக்கக்கூடும். பாமினியில் ‘கலை’ தொடங்குவதே அந்த இரண்டு எழுத்தில். எழுத்துருவில் அந்தப் பெயருள்ள இடத்தில் வேறேதாவது தமிழ் எழுத்து இருந்துவிட்டால் கலையின் கதி அதோகதி.

யூனிகோடுக்கு மாறச் சொல்லும் நண்பர்கள் பொதுவில் சரியாகத்தான் சொல்கிறார்கள். இன்று புதிதாக ஒரு மலர் போடுவதானால் இவ்வளவு பாடு அர்த்தமற்றது. டெக்கின் புதிய வடிவங்களான ஸீடெக்கோ லுவாடெக்கோ போதும், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவை நேரே எடுத்துக்கொள்ளும், டி.எஃப்.எம். என்ற பேச்சே வராது. உங்கள் பி.எஃப்.பி. போன்ற டைப் 1 எழுத்துருக்கள் செத்துவிட்டன என்று யாரும் சொன்னால் அது அடோபியின் மென்பொருள்களைப் பற்றிய உண்மை. 2023 ஜனவரியோடு அவர்கள் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். டெக் உலகில் கனூத்தின் கம்ப்யூட்டர் மாடர்ன் இன்றும் டைப் 1 வடிவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் உங்களுடையது மறுபதிப்பு. பெரியவர்கள் கேட்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. 2005 முதல் நூலகம் இணைய நூலகத்தில் நம்மூர் மலர்களும் ஸ்கேன் ஆகி ஏறிக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பார்த்துப் பக்க எண் கொடுத்து மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய கட்டுரைகள் பழைய பக்கங்களிலேயே நின்றால் அவர்களுக்கு உதவி. அதற்கு எழுத்தளவை பேஜ்மேக்கரோடு ஒத்துப்போக வையுங்கள். எழுத்தளவின் அலகான புள்ளி (பொயின்ட்) பேஜ்மேக்கரில் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. டெக்கின் புள்ளி 72.27இல் ஒரு பங்கு. டெக்கில் பெரிய புள்ளி என்று ஒரு அலகு உண்டு, 12 என்று அந்த அலகில் கொடுத்தால்தான் பழைய 12. நாலரை அங்குல வரியில் வித்தியாசம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு, ஆனால் விளிம்பில் நிற்கும் சொல்லைத் தள்ளிவிட அது போதும்.

அப்படிச் செய்தாலும் வரிக்கு வரி ஒத்துவரும் என்று பெரியவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பேஜ்மேக்கர் வரி வரியாக முறித்துக்கொண்டு போகிற மென்பொருள். டெக் பந்தி முழுவதையும் பார்த்துவிட்டே முறிக்கும். பக்க முறிவுகளை மட்டும் கையால் பூட்டுங்கள், வரிகளை அதன்போக்கில் விடுங்கள். என் அபிப்பிராயத்தில் பழைய மலரின் வரிகளைவிட அவை அழகாகவே வரும்.

அச்சகத்துக்கு எழுத்துருவை அனுப்ப வேண்டாம். உரிமை யாருடையது என்று தெரியாத கோப்பைக் கைமாற்றுவதும் சரியல்ல. பி.டி.எஃப். மட்டும் போகட்டும். அனுப்பமுன் பிடிஎஃப்ஃபொன்ட்ஸ் என்ற கட்டளையில் ஒருமுறை பாருங்கள். உட்பொதிந்தது என்ற நெடுவரிசையில் ‘ஆம்’ என்று வரவேண்டும். வராவிட்டால் எந்த டி.எஃப்.எம்முக்கு எந்த பி.எஃப்.பி. என்று சொல்லும் மேப் வரியில் பிழை இருக்கக்கூடும், அதில் பி.எஃப்.பி. கோப்பின் பெயரும் எழுத்துருவின் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரும் சரியா என்று பாருங்கள். யூனிகோட் நெடுவரிசையில் ‘இல்லை’ என்றுதான் இருக்கும். அச்சகத்துக்கு அது பொருட்டல்ல. நூலகத்துக்குக் கொடுக்கும்போது மட்டும் கட்டுரைகளை யூனிகோடாக மாற்றிய டெக்ஸ்ட் கோப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த பி.டி.எஃப்பில் உங்கள் ஊரின் பெயரைத் தேடினாலும் அகப்படாது.