முறுக்கும் சுருளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்திலிருந்து ஒரு நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஆற்றுக்கு ‘மியாண்டர்’, பாதைக்கு ‘வைண்ட்’, பாம்புக்கு ‘காயில்’, கயிற்றுக்கு ‘ட்விஸ்ட்’, வலியில் துடிப்பவனுக்கு ‘ரைத்’ என்று வருகிறது. எல்லாவற்றுக்கும் நான் ‘வளைந்து நெளிந்து’ என்றே எழுதியிருப்பதாகப் படித்துப் பார்த்த நண்பர் சொல்கிறார். இந்தச் சொற்களுக்கெல்லாம் தமிழ்ச் சொற்களோடு ஒரு பட்டியல் தர முடியுமா? நல்ல அகராதி ஒன்றும் சொல்லுங்கள். இத்தனை நுட்பம் ஆங்கிலத்துக்குத்தான் உண்டோ என்று சோர்வாக இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அச்சுக்குப் போகும் முன்பே கைப்பிரதியை இன்னொருவரிடம் கொடுத்துக் குறை கேட்டிருக்கிறீர்கள். அந்தத் துணிவு பலரிடம் இல்லை. அதனாலேயே உங்கள் மொழிபெயர்ப்பின் மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் பட்டியல் தரமாட்டேன். எந்த மொழிக்கு நுட்பம் அதிகம் என்ற பேச்சுக்கும் வரமாட்டேன். சுழி, சுருள், நெளி, முறுக்கு, திருகு, புரி என்று இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எடுத்துப் பார்க்காமல் ஆங்கிலத்தைக் கண்டு பெருமூச்சு விடுவது சோம்பல்.

பட்டியலில் சொல்லுக்கு எதிரே சொல் இருக்கும். எது அசைகிறது, எதைச் சுற்றி அசைகிறது என்பது இருக்காது. ‘மியாண்டர்’ ஓர் ஆற்றின் பெயர். மேற்குத் துருக்கியில் இன்று பியூக் மெண்டெரஸ் என்று ஓடுவதைத்தான் பழைய கிரேக்கர்கள் மையாண்ட்ரோஸ் என்றார்கள். ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை அரிபடும், உள்கரையில் மணல் படியும், அதனால் வளைவு மேலும் வளரும். இடமும் வலமுமாக மாறி மாறிப் போவதும், அவசரமில்லாததும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘வைண்ட்’ ஆகும் பாதையோ எவ்வளவு வளைந்தாலும் போய்ச் சேரும் இடத்தை மறப்பதில்லை. இவை இரண்டும் எளிது, உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

நான் நிறுத்திப் பேச விரும்புவது ட்விஸ்டும் காயிலும். சில காலமாகவே இது என்னை விடாமல் பிடித்திருக்கிறது, உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து தொட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேசையில் சுருள் கம்பி வைத்த பழைய தொலைபேசி இருந்தது. எடுத்துப் பேசி வைக்க வைக்கக் கம்பி முறுக்கேறிக்கொண்டே போகும். ஒரு நாள் உற்றுப் பார்த்தேன். பாதித் தூரம் வரை வலம்புரியாகச் சுருண்டு வந்த கம்பி, நடுவில் ஓர் இடத்தில் குழம்பி நிமிர்ந்து, அதற்கப்பால் இடம்புரியாகச் சுருண்டு போனது. ஏன் என்று கேட்டால் சொல்ல அங்கே யாரும் இல்லை. வெகுகாலம் கழித்து, கொடிகளைப் பற்றி டார்வின் 1865இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை கிடைத்தது. கொடியின் பற்றுக்கம்பி எதையாவது எட்டிப் பிடித்துவிட்டால் அதன் நுனி அங்கே கட்டுப்படுகிறது, அடி ஏற்கெனவே தண்டில் கட்டுப்பட்டிருக்கிறது. இரு முனையும் திரும்ப முடியாது. அந்த நிலையில் ஒரே பக்கமாகச் சுருண்டால் கம்பி தனக்குள் முறுக்கேறி நொந்துபோகும். ஆகவே பாதி வலமாகவும் பாதி இடமாகவும் சுருள்கிறது, நடுவில் ஒரு சிறு துண்டு நேராக நிற்கிறது. இரு பக்கச் சுற்றுகளையும் எண்ணினால் ஏறக்குறையச் சமமாக இருக்கும். புயலில் இந்தச் சுருள்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காகவே டார்வின் காற்றடிக்கும் நேரத்தில் வேலியோரம் போய் நின்றிருக்கிறார். கப்பலை நங்கூரச் சங்கிலி விட்டுப் பிடிப்பதுபோல அவை கொடியைக் காப்பாற்றின.

இப்போது ஒரு கயிற்றை எடுங்கள். உண்மையாகவே எடுங்கள், படித்துவிட்டுப் போகாதீர்கள். இரு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு முனையை மட்டும் திருகிக்கொண்டே போங்கள். கயிறு நேராகத்தான் இருக்கும், முறுக்கு உள்ளே ஏறும். இதுதான் ட்விஸ்ட்: பொருள் தன் அச்சிலேயே திரும்புகிறது. இனி முனைகளைத் திரும்ப விடாமல் இரு கைகளையும் மெல்ல நெருக்குங்கள். கயிறு சட்டென்று ஒரு கண்ணியாக மடிந்து தன்மேலேயே சுற்றிக்கொள்ளும். இதுதான் காயில்: இப்போது அச்சே வளைந்துவிட்டது. உள்ளே இருந்த முறுக்கில் ஒரு பங்கு வெளியே சுருளாக வந்திருக்கிறது. முனைகளைத் திரும்ப விடாதவரை, கயிறு தன்னை ஊடறுத்துக் கடக்காதவரை, முறுக்கும் சுருளும் சேர்ந்த தொகை மாறாது. ஒன்று குறைந்தால் மற்றது கூடும்.

அந்த இரண்டாவதற்கு, அதாவது சுருளுக்கு, கணிதக்காரர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள்: ‘ரைத்’. உங்கள் நாவலில் வலியில் துடிக்கிறவனின் அதே சொல். 1971இல் ஃபுல்லர் என்ற கணித அறிஞர் அதை ஓர் எண்ணாகவே வரையறுத்தார். டிஎன்ஏவைப் படிப்பவர்களுக்கு அது அன்றாடக் கணக்கு. பாக்டீரியாவின் டிஎன்ஏ பெரும்பாலும் மூடிய வளையம், அவிழ்ந்துகொள்ள அதற்கு நுனியே கிடையாது. அதில் முறுக்கைக் கூட்டினாலோ குறைத்தாலோ வளையம் முழுவதும் தன்மேல் சுருண்டுகொள்கிறது. துடிப்பவனையும் அப்படிப் பாருங்கள். அவன் இடத்தைவிட்டு நகரவில்லை, உள்ளே ஏறியதைத் தாங்க முடியாமல் உடம்பே மடிந்து புரள்கிறது. அவனைப் போய் ‘வளைந்து நெளிந்தான்’ என்று எழுதலாமா? இதை உங்களிடம் கோபமாகவே கேட்கிறேன்.

சுருளிலும் வகை பார்க்க வேண்டும். ஒரே தளத்தில் மையத்தைவிட்டு விலகிக்கொண்டே போவது ஸ்பைரல். அச்சிலிருந்து விலகாமல் சுற்றியபடியே ஏறுவது ஹெலிக்ஸ். ஸ்பைரல் படிக்கட்டு என்று ஆங்கிலத்தில் சொல்வதும் ஹெலிக்ஸைத்தான், பேச்சுவழக்கில் அது நிலைத்துவிட்டது, விடுங்கள். ஆனால் 1705இல் இறந்த கணித மேதை யாக்கோப் பெர்னூலிக்கு நடந்ததை என்னால் அப்படி விட முடியவில்லை. சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஒரே விகிதத்தில் அகலும் மடக்கைச் சுருளைத் தன் கல்லறையில் செதுக்கவேண்டும் என்று விரும்பினார். எவ்வளவு வளர்ந்தாலும் வடிவம் மாறாத சுருள் அது. சுவிட்சர்லாந்தின் பாசல் பேராலயத்தில் சிற்பி செதுக்கி வைத்திருப்பதோ இடைவெளி மாறாத ஆர்க்கிமிடீஸ் சுருள். ‘மாறினும் அதுவாகவே எழுவேன்’ என்ற பொருளில் லத்தீன் வாசகம் கூடவே இருக்கிறது. வாசகத்தைப் பிழையில்லாமல் வெட்டியவர் வடிவத்தைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பில் இதே தவறைத்தான் தினம் தினம் பார்க்கிறேன்.

அகராதி எதுவானாலும் சரி, பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் பிரிப்பதற்கு முன் நாவலின் அந்தப் பக்கங்களை எடுத்துவைத்து, ஒவ்வொரு வினைக்கும் ஓரத்தில் மூன்றைக் குறியுங்கள்: அசைவது எது, அதன் அச்சு எங்கே, முனைகள் கட்டுப்பட்டிருக்கின்றனவா இல்லையா. பிறகும் ஏதாவது நின்றால் அந்த வாக்கியத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.