துருக்கியருக்குள்ள உரிமை என் மகனுக்கு இல்லையா?

கேள்வி: என் கணவர் இருபது ஆண்டுகள் துபாயில் சபுராளியாக (பிழைப்புக்காக வெளிநாடு சென்றவராக) இருந்தவர். மகன் இப்போது ஜெர்மனியில் வெல்டராகப் பணிபுரிகிறான். உடன் வேலை பார்க்கும் துருக்கி நாட்டவர், “நான்கு ஆண்டுகள் முடித்தால் எந்த முதலாளியிடமும் சேரலாம், யாரும் தடுக்க முடியாது” என்கிறாராம். அது என் மகனுக்கும் பொருந்துமா?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: பொருந்தாது, சகோதரி. அவர் சொல்வது உண்மைதான் என்றாலும், அந்த உரிமை துருக்கிக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது.

1961-ல் துருக்கியிலிருந்து ஆள் எடுக்க உடன்பாடு செய்துகொண்ட மேற்கு ஜெர்மனி, வந்தவர்களை ‘விருந்தாளித் தொழிலாளர்’ என்றே அழைத்தது. தொடக்கத்தில் இரண்டாண்டு வரம்பும் வைத்திருந்தது. விருந்தாளி ஒருநாள் கிளம்பியாக வேண்டும் என்பதைக் கீழக்கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நிலை மாற அடித்தளமிட்டது, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துடன் துருக்கி 1963-ல் செய்துகொண்ட அங்காரா ஒப்பந்தம். அதன்கீழ் இரு தரப்பும் சேர்ந்து அமைத்த மன்றம் 1980-ல் எடுத்த 1/80 என்ற முடிவின்படி, ஓராண்டு சட்டப்படி வேலை செய்த துருக்கியர், வேலை இருக்கும்வரை அதே முதலாளியிடம் தொடர அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். மூன்றாண்டு முடிந்தால் அதே தொழிலில் வேறு முதலாளியிடம் செல்லலாம், ஆனால் ஐரோப்பியத் தொழிலாளருக்கே முன்னுரிமை. நான்காண்டு முடிந்தபின் விரும்பிய எந்த வேலையிலும் சேரலாம். இதுவும் அவர் வேலை செய்யும் அந்த ஒரு நாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

‘சட்டப்படி’ என்ற சொல்லைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நெதர்லாந்திலிருந்து சென்ற, செவின்சே என்ற துருக்கியத் தொழிலாளரின் வழக்கில், இந்த விதிகளைத் தொழிலாளரே நீதிமன்றத்தில் நேரடியாகக் கோரலாம் என்று 1990-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், வசிப்பு அனுமதி மறுக்கப்பட்டு, மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் மட்டுமே வேலையில் நீடித்த காலம் கணக்கில் சேராது என்றும் அதே தீர்ப்பு கூறியது. துருக்கியத் தொழிலாளர் அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்ட அவ்வழக்கு, தொடுத்தவருக்கு மட்டும் கைகொடுக்கவில்லை!

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது அந்த 1/80 முடிவின் 13ஆம் பிரிவு. சட்டப்படி இருக்கும் துருக்கியத் தொழிலாளர் வேலை பெறுவதற்குப் புதிய தடைகளை உறுப்பு நாடுகள் விதிக்கலாகாது என்கிறது அது. 2020-ல் கத்தார், வேலை மாறுவதற்கு முதலாளியின் ஒப்புதல் கட்டாயமில்லை என்று அறிவித்தது நல்ல செய்தியே. ஆயினும் அது கத்தார் தானாக இயற்றிய சட்டம், நாளை அந்நாடே திருத்தலாம். துருக்கியரின் உரிமை ஒப்பந்தத்தில் வேரூன்றியது. ஜெர்மனி தனியாக அதைக் குறைத்துவிட இயலாது.

இந்தியாவும் ஜெர்மனியும் 2022 டிசம்பரில் இடப்பெயர்வு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. அதில் இத்தகைய படிப்படியான உரிமை இல்லை. 2017 முதல் நடப்பிலுள்ள சமூகப் பாதுகாப்பு உடன்பாடு, ஓய்வூதியத் தகுதிக்கு இரு நாட்டுக் காப்பீட்டுக் காலங்களையும் சேர்த்துக் கணக்கிட உதவும். வேலை மாறும் விஷயத்தில் உங்கள் மகனுக்குப் பொருந்துவது ஜெர்மனியின் வசிப்புச் சட்டமே. அவருடைய அனுமதி அட்டையுடன் தனித்தாள் தந்திருந்தால், எந்த வேலைக்கு, எந்த நிறுவனத்துக்கு அனுமதி என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்து, அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே ராஜினாமா கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள்.