சென்னையில் புதிதாகக் கட்டிய அபார்ட்மெண்டில் வாடகைக்குப் போகலாமா?

பெரும்பாக்கத்தில் இப்போதுதான் கட்டி முடித்த ஃபிளாட், அக்கம்பக்கத்தைவிட வாடகை குறைவு, கைக்குழந்தை இருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் அந்த வீட்டுக்கென்று தனி ஈபி மீட்டர் வந்த பிறகு போங்கள். பட்ட அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓஎம்ஆர் பக்கம் ஒரு புதுக் கட்டடத்துக்குக் குடிபோனோம். அறுபது வீடு, நாங்கள் நாலாவது குடித்தனம். பளபளவென்று டைல்ஸ், யாரும் புழங்காத சமையலறை, அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கீழே மீட்டர் ரூமை மட்டும் நான் எட்டிப் பார்க்கவில்லை. குடிபோன மறுநாள் பார்த்தால் பலகைகள் வரிசையாக இருக்கின்றன, மீட்டர் ஒன்றுகூட இல்லை, டேப் சுற்றிய ஒயர்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார் ஓனர். வருவதற்கு எட்டு மாதம் ஆனது.

காரணம் இதுதான். இந்த அளவு பெரிய கட்டடத்துக்கு, கட்ட அனுமதி கொடுக்கும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பணி நிறைவுச் சான்றிதழ் கொடுத்தால்தான் நிரந்தர மின் இணைப்பு கிடைக்கும். அதுவரை, கட்டுமான வேலைக்கு பில்டர் வாங்கிய தற்காலிக இணைப்பிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் கரண்ட் வரும். அதன் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட நன்றாகவே அதிகம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் அதில் கிடையாது. மே மாதம் ராத்திரி நாலைந்து வீட்டில் சேர்ந்தாற்போல ஏசி போட்டால் மொத்தக் கட்டடமும் ட்ரிப் ஆகிவிடும், அந்த நேரத்தில் செக்யூரிட்டியை எழுப்பிப் போய்ப் போட வேண்டும். வாடகையில் மிச்சம் பிடித்தது அத்தனையும் கரண்ட் பில்லிலேயே போனது.

அப்புறம் தண்ணீர். அந்தப் பக்கம் நிறைய கட்டடங்கள் போர்வெல்லையும் தண்ணீர் லாரியையும் நம்பித்தான் ஓடுகின்றன. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் சொம்பைக் கவிழ்த்து வைத்தால் காய்ந்ததும் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் நிற்கும். லாரிச் செலவையும் லிஃப்ட், மோட்டார் செலவையும் குடிவந்த வீடுகளுக்குள்ளேயே பிரித்தார்கள். அறுபது பேர் தாங்க வேண்டியதைப் பதினாலு பேர் தாங்கினோம். அதனால் மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், இப்போது எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள், காலி வீட்டுக்கான பங்கை பில்டர் கட்டுகிறாரா என்றும் கேளுங்கள்.

பெரும்பாக்கம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பகுதியில் தண்ணீர் நின்றது. பழைய கட்டடம் என்றால் சுவரிலேயே தண்ணீர் நின்ற கோடு தெரியும். புதுக் கட்டடம் இன்னும் ஒரு ஐப்பசி மழையைக்கூடப் பார்த்திருக்காது. அதே தெருவில் பழைய குடித்தனக்காரர் யாரையாவது பிடித்து, அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், புரோக்கரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

வீட்டுக்குள் போனால் பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குத் தண்ணீர் மூலையில் தேங்கி வெளி ஹால் சுவரில் ஓதமாக ஏறியது, பெயிண்ட் கொப்புளித்து உப்பு பூத்தது. காலி செய்யும்போது அதற்கும் சேர்த்துத்தான் பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார் ஓனர். குடிபோன அன்றைக்கே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். நீங்கள் அனுப்பிவிடுங்கள்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாத வரை மூன்று மாத வாடகைதான் முன்பணம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். தனி மீட்டர் வரும்வரை யூனிட்டுக்கு எவ்வளவு, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, இரண்டையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னது எதுவும் எங்களுக்கு நிற்கவில்லை.

கடைசியாக, உங்கள் குழந்தைக்காக ஒன்று. புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாக ஆள் வர வர, கப்போர்டு வேலை, கிரில் வேலை என்று டிரில்லிங் சத்தம் மாதக்கணக்கில் ஓயாது. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை போய் வீடு பார்ப்பதால் அது தெரிவதில்லை. வார நாள் ஒன்றில் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தூங்குகிறதா என்று.