லோடாஷ் போன்ற ஆயத்த நிரலகங்கள் (எவரும் எடுத்தாளக்கூடிய நிரல் தொகுப்புகள்) இருக்கும்போது, வலை நிரலாக்கம் கற்பவர் தமக்கென ஒரு சிறு நிரலகம் எழுதுவது வீண்வேலையா?

வீண்வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுதியவற்றில் பெரும்பகுதியைப் பின்னாளில் நானே அழித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கிய நாட்களில், ஒரு பயிற்சிப் பக்கத்தில் எழுதியதையே அடுத்ததிலும் வெட்டி ஒட்டி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்தேன். தொகைக்கு லட்ச முறைப்படி (1,00,000 என) காற்புள்ளி இடுவது, ஒற்றை இலக்கத் தேதிக்கு முன்னால் சுழியம் சேர்ப்பது, தேடல் பெட்டியில் தட்டச்சு நின்று 300 மில்லி நொடி ஆன பிறகே வழங்கியை (server) கேட்பது என ஏறத்தாழ இருபது செயற்கூறுகள் (ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல் துண்டுகள்) சேர்ந்தன. காற்புள்ளி இடும் வசதி மொழியிலேயே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. சுழியம் சேர்க்கும் வசதி 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. (இதை அற்பம் என்று எண்ண வேண்டாம். 2016 மார்ச்சில் இதே வேலையைச் செய்த லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை, எழுதியவர் நிரல்களைப் பகிரும் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியதால், அதை மறைமுகமாக நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்களை நிறுவ முடியாமல் போனது.)

எனக்கு உண்மையில் பாடம் கற்பித்தது எழுத்து எண்ணும் செயற்கூறுதான். அடையாள அட்டை முன்னோட்டம் காட்டும் ஒரு பக்கத்தில், பெயரைப் பன்னிரண்டு எழுத்தில் வெட்டும்படி எழுதியிருந்தேன். 'செந்தமிழ்ச்செல்வி' என்ற ஒன்பதெழுத்துப் பெயர் 'செந்தமிழ்ச்ச' என்று நின்றது. புள்ளியையும் துணைக்குறிகளையும் கணினி தனித்தனி எழுத்தாகக் கொள்வதால், அதன் கணக்கில் அந்தப் பெயரின் நீளம் 17. முதலில் குறிகளின் ஒருங்குறி எண்களைப் பட்டியலிட்டு, அவற்றை முந்தைய எழுத்தோடு ஒட்டும் நாற்பது வரிச் சுழல் ஒன்றை எழுதினேன். குறி வகை எழுத்துகளை மொத்தமாகச் சுட்டும் தேடுகோவையை (regex, எழுத்துகளின் அமைப்பைக் குறித்துத் தேடும் குறியீடு) பற்றி அறிந்த பிறகு அது ஒரே வரியானது.

அதே கோப்பில்தான் இன்னொரு விந்தையும் பிடிபட்டது. 'கொத்தமல்லி' என்று தேடினால், பட்டியலில் கண்ணெதிரே இருந்த சொல் கிடைக்கவில்லை. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாலும் எழுதலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் (ா) அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி மொழியில் 2015 முதல் இருக்கிறது, ஆனால் அதைத் தேட வேண்டும் என்பதே இந்தப் பிழையைக் காணும்வரை எனக்குத் தோன்றவில்லை. ஆயத்த நிரலகத்தை மட்டும் இறக்கியிருந்தால், சொல் கிடைக்காததற்குப் பட்டியலைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

ஆகவே எழுதுங்கள், ஆனால் ஒவ்வொரு செயற்கூறுக்கும் தமிழ்ச் சொல் ஒன்றையாவது கொடுத்துச் சோதியுங்கள். பிறருக்குச் செய்து தரும் பணியில் தேதிக் கணக்கை மட்டும் சொந்தமாக எழுதாதீர்கள்: ஜனவரி 15 நள்ளிரவை உலக நேரத்துக்கு மாற்றி முதல் பத்து எழுத்தை வெட்டிய என் செயற்கூறு, இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், 14 என்று காட்டிக்கொண்டிருந்தது.

இன்று அந்தக் கோப்பில் மூன்று செயற்கூறுகளே மிஞ்சியுள்ளன. எழுத்து எண்ணுவது அவற்றில் ஒன்று. உலாவிகளில் இப்போது வந்திருக்கும் எழுத்துப் பிரிப்பானும் 'க்ஷ' என்பதை இரண்டாகவே எண்ணுவதால், அதை ஒன்றாக எண்ண விரும்பும் நான் என் செயற்கூறை இன்னும் அழிக்கவில்லை.