ஜான் பிலிப் சூசா 25 வயதிலேயே மரைன் பேண்டின் தலைவரானது எப்படி?

கேள்வியின் கீழே, "ராணுவத்தில் படிப்படியாக உயர்ந்து பேண்டு மாஸ்டர் ஆனவர்தானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. (மரைன் பேண்டு என்பது அமெரிக்க ராணுவத்தின் மரைன் படைக்கு உரிய வாத்தியக் குழு.) ராணுவத்தில் இருந்தார், வெளியே போனார், ஐந்து வருடம் நாடகக் கொட்டகைகளில் வயலின் வாசித்தார், அப்புறம்தான் தலைவராகத் திரும்பி வந்தார். என்னைக் கேட்டால், அந்த ஐந்து வருடம்தான் அவரை ஆளாக்கியது.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பள்ளி பேண்டில் டிராம்போன் வாசிக்கிறாள். போரில் இறந்த வீரர்களை நினைக்கும் மெமோரியல் டே அணிவகுப்பு நெருங்கினால் வீட்டில் காலையும் மாலையும் சூசா எழுதிய மார்ச்தான், அதாவது அணிவகுப்பு இசைதான். யார் இந்த மனுஷன் என்று எரிச்சலில் படிக்க ஆரம்பித்தவன், இன்னும் விடவில்லை.

சூசா பிறந்தது 1854 நவம்பர் 6, வாஷிங்டனில், மரைன் படை முகாமுக்கு மிக அருகில். அப்பா போர்ச்சுகீசிய வம்சம், மரைன் பேண்டில் டிராம்போன்காரர். அம்மா ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்தவர். பையன் வளர்ந்தது உள்நாட்டுப் போர்க் காலம். தலைநகர் முழுக்கப் படைகள், படைகளோடு பேண்டுகள். காது நிறைய மார்ச் கேட்டே வளர்ந்த பிள்ளை. ஆனால் கையில் எடுத்தது வயலின். ஜான் எஸ்புட்டா என்பவரின் பள்ளியில் கற்றார்.

அங்கே ஒரு கட்டத்தில் ஆசிரியரோடு சண்டை. "எனக்குப் பாட்டு வேண்டாம், ரொட்டி சுடப் போகிறேன்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பா திட்டவில்லை. சரி, போ என்று பேக்கரியில் சேர்த்துவிட்டார். ராத்திரி முழுக்க அடுப்படி, பகலில் பள்ளிக்கூடமும் உண்டு. இரண்டே ராத்திரி. பையன் தானாகவே வயலினிடம் வந்துவிட்டான். பிள்ளை வளர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. மகளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

13 வயதில் அடுத்த கூத்து. வீட்டில் வயலின் பழகுவதை வெளியிலிருந்து கேட்ட சர்க்கஸ்காரர் ஒருவர், எங்கள் பேண்டில் சேர்கிறாயா, அப்பாவிடம் சொல்லாமல் வா என்றிருக்கிறார். பையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்ல, அது அவன் அம்மா காதுக்குப் போய், அங்கிருந்து இவன் அம்மாவுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை அப்பா, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொள் என்று மட்டும் சொல்லி, நேராக மரைன் முகாமுக்குக் கூட்டிப் போனார். 1868 ஜூன் 9 அன்று பேண்டில் பயிற்சிப் பையனாகப் பெயர் பதிவானது. படையில் சேர்ந்துவிட்டால் ஓட முடியாதே! சூசாவின் ராணுவ வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

ஏறக்குறைய ஏழு வருடம் அங்கே. அந்தக் காலத்தில் வெளியே ஜார்ஜ் ஃபெலிக்ஸ் பெங்கர்ட்டிடம் வயலினோடு ஹார்மனியும் இசையமைப்பும் படித்தார். 1875இல், 20 வயதில், படையை விட்டார்.

இனிதான் முக்கியமான பகுதி. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களுக்கு இசை நடத்தினார். 1876இல் அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டுக் கண்காட்சி ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. பாரிஸிலிருந்து வந்த இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் இசைக்குழுவில் வயலின் கிடைத்தது. அதே கண்காட்சியில்தான் அன்று அமெரிக்காவின் பெரிய பேண்டு மாஸ்டரான பேட்ரிக் கில்மோரின் பேண்டையும் கேட்டார். பிறகு அந்த நகரத்திலேயே தங்கி, கொட்டகைகளில் வாசிப்பது, இசைக்கோர்வை எழுதுவது, பாடம் சொல்லித்தருவது என்று பிழைப்பு. கில்பர்ட், சல்லிவன் இருவரின் 'பினஃபோர்' ஆபரெட்டாவை (நகைச்சுவை இசை நாடகம்) ஒரு குழு போட்டபோது, இசை நடத்தியவர் இவர். அதில் பாடிய ஜேன் பெல்லிஸைத்தான் 1879 டிசம்பர் 30 அன்று திருமணம் செய்துகொண்டார்.

கொட்டகையில் வாசிப்பவனுக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறிவிடும். ஆள் எப்போது நெளிய ஆரம்பிக்கிறான், எந்த இடத்தில் கை தட்டுவான் என்பது தெரியும். சூசாவின் மார்ச்சுகளைக் கவனித்துக் கேளுங்கள். நடுவில் சத்தம் அடங்கி, பாடலாம் போல ஒரு மெட்டு வரும். அது திரும்ப வரும்போது பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அணிவகுப்புக்கு இவ்வளவு நாடகம் தேவையே இல்லை. இது மேடையில் கற்ற வித்தை என்பது என் கணிப்பு.

1880இல் ஒரு நாடகக் குழுவோடு செயின்ட் லூயிஸில் இருந்தபோது தந்தி வந்தது, மரைன் பேண்டுக்குத் தலைவராக வருகிறாயா என்று. அக்டோபர் 1 அன்று பொறுப்பேற்றார். வயது 25. தன்னைவிட மூத்தவர்களை அதட்ட வேண்டுமே, அதற்காகத் தாடி வளர்த்தார். பழைய இசை நோட்டுகளை ஓரம் கட்டிவிட்டு வாக்னர் மாதிரி ஐரோப்பியப் படைப்புகளைக் கொண்டுவந்தார். ஒத்திகைக் கெடுபிடி தாங்காமல் பலர் விலகினார்கள்; பேண்டு சிறுத்து, பிறகு நல்ல ஆட்களோடு மறுபடி வளர்ந்தது. வெள்ளை மாளிகையில் 1886இல் நடந்த அதிபர் கிளீவ்லாண்டின் கல்யாணத்துக்கும் இவர் பேண்டுதான். மொத்தம் ஐந்து அதிபர்கள் காலத்தில் தலைவராக இருந்தார்.

பெயர் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1886இல் எழுதிய 'கிளாடியேட்டர்' மார்ச்தான் முதல் பெரிய வெற்றி. ஃபிலடெல்ஃபியாவில் தெருவில் ஒருவன் கைப்பிடி சுற்றி இசைப்பெட்டி வாசிக்க, அது தன் மார்ச் என்று தெரிந்து பூரித்துப்போனதாக அவரே எழுதியிருக்கிறார். 1889 ஜூன் 15 அன்று, வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை நடத்திய மாணவர் கட்டுரைப் போட்டியின் பரிசளிப்புக்காக, அதே பெயரில் 'வாஷிங்டன் போஸ்ட்' மார்ச். அப்போது புதிதாக வந்த டூ-ஸ்டெப் நடனத்துக்கு அது அச்சாகப் பொருந்தி, கடல் தாண்டிப் போனது. ஐரோப்பாவில் சில இடங்களில் அந்த நடனத்துக்கே 'வாஷிங்டன் போஸ்ட்' என்று பெயர். இவருக்குக் கிடைத்தது 35 டாலர். பதிப்பாளருக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்தாயிற்று.

1890இல் கொலம்பியா கம்பெனி மரைன் பேண்டை மெழுகு சிலிண்டர்களில் பதிவு செய்யத் தொடங்கியது. மொத்தமாகப் பிரதி எடுக்க அப்போது வழியில்லை. பல இயந்திரங்களைச் சுற்றிலும் வைத்து, அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அந்த இயந்திரத்தின் மேல் சூசாவுக்குக் கடைசிவரை பெரிய பிரியம் கிடையாது.

1891இல் பேண்டைச் சுற்றுப்பயணம் கூட்டிப்போன டேவிட் பிளேக்லி, சொந்த பேண்டு வைத்துக்கொள், வருடம் 6,000 டாலரும் லாபத்தில் பங்கும் தருகிறேன் என்றார். 1892 ஜூலையில் சூசா சீருடையைக் கழற்றினார்.

புதிய பேண்டின் முதல் கச்சேரி செப்டம்பர் 26, நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில். நான் வேலைக்குப் போகும் ரயில் தினமும் நிற்கிற ஊர். அதற்கு இரண்டு நாள் முன்புதான் செயின்ட் லூயிஸில் கில்மோர் இறந்திருந்தார். சூசா அன்று முதலில் எடுத்தது தன் மார்ச் எதையும் அல்ல; கில்மோர் எழுதிய இரங்கல் பாட்டு ஒன்றை.